பூசும் முன்னே பாருங்கள்!

கட்டட இன்ஸ்பெக்டரின் கண்ணோடு ஒரு சுற்று

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டும் கஷ்டந்தான். ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு குறைந்தால் அன்றைக்கே நாலு பேர் சொல்லிவிடுவார்கள். வீட்டில் சிமெண்டு குறைந்தால் யார் சொல்வது? சுவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். அது வாய் திறக்கும்போது அதற்கு 'விரிசல்' என்று பெயர்!

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தை ஒரு முறை சுற்றி வாருங்கள். ஏரியும் வயலுமாக இருந்த பூமி இது. 1955-ல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடியது. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் வந்தன. வேலைக்கு வந்தவர்கள் மனை வாங்கினார்கள். மனை வாங்கியவர்கள் வீடு கட்டினார்கள். இன்றும் திருமுல்லைவாயில், அயப்பாக்கம், திருவேற்காடு, பட்டாபிராம் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும் வாசலில் ஒரு மணல் குவியல், ஓரத்தில் ஒரு ஜல்லிக் குவியல், நடுவே செங்கல் அடுக்கு. ஆயுள் முழுவதும் சேர்த்த பணம் அந்த மூன்று குவியல்களில் கிடக்கிறது.

அந்தக் குவியல்கள் நல்லவைதானா? அதைச் சோதிப்பது யார்?

இன்ஸ்பெக்டர் எதைப் பார்க்கிறார்?

"அதற்குத்தான் பில்டிங் இன்ஸ்பெக்டர் இருக்கிறாரே!" என்பீர்கள். இருக்கிறார். நகரமைப்பு ஆய்வாளர் என்றும், உதவி இஞ்சினீயர் என்றும் ஊருக்கு ஊர் உத்தியோகத்தின் பெயர் மாறும். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியாயிற்று. பூந்தமல்லி நகராட்சியாக இருக்கிறது. பெயர் எதுவானாலும் ஜனங்களின் வாயில் அவர் 'பில்டிங் இன்ஸ்பெக்டர்'தான்.

அவர் கையில் அனுமதி பெற்ற பிளானும் ஒரு டேப்பும் இருக்கும். பக்கத்தில் எத்தனை அடி இடம் விட்டிருக்கிறீர்கள், மாடி எத்தனை, உயரம் எவ்வளவு, 2003-ல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதா என்று பார்ப்பார். பிளானுக்கு மேல் ஒரு மாடி எழும்பினால் நோட்டீசு வரும். ஆனால் உங்கள் வீட்டுத் தூணுக்குள் எத்தனை கம்பி, கலவையில் எத்தனை சிமெண்டு என்று மூட்டை மூட்டையாக எண்ணிப் பார்ப்பது அவருடைய அன்றாட வேலை அன்று. அந்தப் பொறுப்பு பிளானில் கையெழுத்துப் போடும் இஞ்சினீயருக்கும், கட்டித் தருபவருக்கும் உரியது.

இன்னொரு விஷயம். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டுகிறவர்களுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது, சந்தோஷம். ஆனால் வீட்டுக்காரரின் பொறுப்பு கூடிவிட்டது. சின்ன வீடு கட்டுகிறவருக்கு இனி முதல் இன்ஸ்பெக்டர் அவரேதான்!

மௌலிவாக்கம் தந்த பாடம்

பூந்தமல்லியிலிருந்து மவுண்ட்-பூந்தமல்லி ரோடு வழியாக நகரத்துக்குள் வருகிறவர்கள் போரூரைக் கடந்து வருவார்கள். அந்தப் போரூருக்குப் பக்கத்தில் இருக்கிறது மௌலிவாக்கம். 2014 ஜூன் 28, சனிக்கிழமை. நல்ல மழை. மாலை நேரத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஏழைத் தொழிலாளர்கள்.

இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது. நீதிபதி ரகுபதி தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷனோ, கட்டட அமைப்பிலேயே குறை இருந்ததாகக் கண்டது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தையும் நம்ப முடியாமல், 2016 நவம்பர் 2-ல் வெடிமருந்து வைத்துச் சில விநாடிகளில் தரைமட்டமாக்கினார்கள்.

வெளியே நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டடம் கம்பீரமாகத்தான் தெரிந்திருக்கும். குறையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. கட்டட வேலையில் மூடியதைத் திறந்து பார்ப்பது கடினம். மூடும் முன்னே பார்ப்பது சுலபம். அதற்குப் பெரிய படிப்புக்கூட வேண்டாம். காது, கண், கை, ஒரு வாளித் தண்ணீர், ஒரு தராசு போதும். வாருங்கள், ஒவ்வொரு சாமானாகப் பார்ப்போம்.

செங்கல் பேசும்

இரண்டு செங்கல்லைக் கையில் எடுங்கள். ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். 'கணீர்' என்றால் நன்றாக வெந்த கல். 'டொக்' என்றால் வேகாத கல், அல்லது உள்ளே விரிசல். நகத்தால் கீறிப் பாருங்கள்; கோடு விழக் கூடாது. சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போடுங்கள், உடையக் கூடாது. ஒரு கல்லை வேண்டுமென்றே உடைத்து உள்ளே பாருங்கள். ஓரம் சிவந்து நடு கறுத்து இல்லாமல், நிறம் ஒரே சீராக இருக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. காய்ந்த கல்லை நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடுத்துத் துடைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவிகிதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இந்திய தரநிர்ணயம். மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் குடித்தால், அது செங்கல் அல்ல, பஞ்சு! மழைக்காலத்தில் உங்கள் சுவர் ஊறுவதும், காய்ந்த பிறகு வெள்ளையாக உப்பு பூப்பதும் இதனால்தான்.

திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளிலிருந்து வரும் 'சேம்பர்' கல்லும், நாட்டுச் சூளைக் கல்லும் இந்த வட்டாரத்துக்குப் பழக்கமானவை. இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு கல் வருகிறது. அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலில் செய்வது. சூளையில் சுடாமல் அச்சில் அழுத்திச் செய்வதால் ஓரம் கத்தி போல் நேராக இருக்கும். இதற்கும் அதே தண்ணீர்ச் சோதனை உண்டு.

இன்னும் ஒரு வேடிக்கைக் கல் இருக்கிறது. பெரிதாக, வெளுப்பாக, ரொட்டித் துண்டு போல் உள்ளே நுண்ணிய காற்றறைகளோடு இருக்கும். ரம்பத்தால் அறுக்கலாம். தண்ணீரில் போட்டால் மிதக்கும்! 'ஏ.ஏ.சி. பிளாக்' என்பது இதுதான். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 600 கிலோதான் இருக்கும். தண்ணீரோ 1,000 கிலோ. தூண், பீம் எழுப்பிய கட்டடத்தில் இடைச்சுவருக்கு ஏற்றது. செங்கல் என்று நினைத்து அதன் தலையில் பாரம் ஏற்றக் கூடாது.

மணலா, மண்ணா?

மணலை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக் கொட்டுங்கள். கையில் சேறு ஒட்டினால் சந்தேகப்படுங்கள். பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் கீழே படியும். வண்டல் அதன் மேல் தனி அடுக்காக நிற்கும். 10 சென்டிமீட்டர் மணலுக்கு 8 மில்லிமீட்டர் வண்டல் வரை பொறுக்கலாம் என்பது நடைமுறைக் கணக்கு. அதற்கு மேல் போனால் சிமெண்டு மணலைப் பிடிக்காது, மண்ணைத்தான் பிடிக்கும்.

பழைய மேஸ்திரிகள் மணலை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். உப்புக் கரித்தால் லாரியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இது மூடநம்பிக்கை அல்ல, நல்ல ரசாயனம். உப்பு இருந்தால் கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளேயிருந்து நெம்பி, தளத்தின் அடிப்பாகத்தைப் பெயர்த்துத் தள்ளிவிடும்.

ஆற்று மணல் அரிதானபின் 'எம்-சாண்ட்' வந்தது. கருங்கல்லை எந்திரத்தில் அரைத்து, சலித்து, கழுவித் தருவது. கழுவாத கிரஷர் தூசியையும் அதே பெயரில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. உற்றுப் பாருங்கள். நல்ல எம்-சாண்டின் துகள் உருண்டு திரண்டு இருக்கும். கிரஷர் தூசி தட்டைத் தட்டையாக, மாவு அதிகமாக இருக்கும்.

ஈர மணல் அளவிலும் ஏமாற்றும். சற்று நனைந்த மணல் உப்பி, நாலில் ஒரு பங்கு வரைகூட அதிகமாகக் காட்டும். ஒரு பாத்திரத்தில் ஈர மணலை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் மட்டம் இறங்குவதைக் காணலாம். இறங்கியது எவ்வளவோ, அவ்வளவும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய காற்று!

மூட்டையைப் படியுங்கள்

இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்ற கொத்தனார் 1824-ல் பேட்டண்டு வாங்கிய பொருள் போர்ட்லண்டு சிமெண்டு. இந்தியாவில் முதன்முதலாகச் சிமெண்டு செய்ய முயன்ற ஊர் எது தெரியுமா? நம் சென்னைதான்! 1904-ல், கடல் சிப்பியைக் கொண்டு முயன்றார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை.

சிமெண்டு மூட்டை ஒரு திறந்த புத்தகம். ஐ.எஸ்.ஐ. முத்திரை, எடை 50 கிலோ, எந்த வாரம், எந்த வருஷம் தயாரானது என்ற விவரம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டு பலம் குறைந்தது. மூட்டைக்குள் கையை விட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். விரலிடையே தேய்த்தால் மாவு போல் வழுவழுக்க வேண்டும், நறநறக்கக் கூடாது. கட்டி இருந்து, அது விரலில் நசுங்காவிட்டால், அந்த மூட்டை ஏற்கெனவே தண்ணீர் குடித்துவிட்டது என்று அர்த்தம்.

மூட்டையில் 'பி.பி.சி.' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். நிலக்கரிச் சாம்பலை 15 முதல் 35 சதவிகிதம் வரை முறைப்படி சேர்த்த சிமெண்டு அது. கலப்படம் அன்று. ஆனால் இறுகுவதற்குக் கொஞ்சம் அதிக நாள் கேட்கும். அதைக் கொடுக்கப் பொறுமை வேண்டும்.

கல்லறை தந்த பெயர்

ஜல்லிக்குக் கருங்கல். நீலம் ஓடிய கறுப்பு நிறம், கூர்மையான முனை, தூசியில்லாத மேனி. இதுதான் லட்சணம். பெரிய தட்டைச் சில்லுகள் அதிகம் இருந்தால் கூடாது. கலவையில் இடுக்கு விழும்.

இந்தக் கருங்கல்லுக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து கல் போயிற்று. இருநூறு வருஷம் கழித்து, 1893-ல், தாமஸ் ஹாலண்டு என்ற புவியியல் நிபுணர் அந்தப் பாறை வகைக்கு அவர் பெயராலேயே 'சார்னாக்கைட்டு' என்று பெயரிட்டார். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை அது. அந்தக் கல்லறைக் கல்லின் இனத்தார்தான் நம் வீட்டுத் தளத்தில் ஜல்லியாகக் கிடக்கிறார்கள்!

கம்பியின் கணக்கு

கம்பியில்தான் மோசடி கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும். ஒரு சுலபக் கணக்கு உண்டு. கம்பியின் கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162-ஆல் வகுங்கள். ஒரு மீட்டர் கம்பி எத்தனை கிலோ என்பது வந்துவிடும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 12 × 12 = 144; அதை 162-ஆல் வகுத்தால் 0.888 கிலோ. 12 மீட்டர் நீளக் கம்பி ஏறக்குறைய 10 கிலோ 660 கிராம் இருக்க வேண்டும். பத்துக் கம்பியைச் சேர்த்து நிறுத்தால் சராசரி இதிலிருந்து 5 சதவிகிதத்துக்கு மேல் குறையக் கூடாது.

'டி.எம்.டி.' கம்பி என்பது சுடச்சுட வரும் கம்பியின்மேல் தண்ணீரைப் பீய்ச்சிச் செய்வது. வெளித்தோல் முரடு, உள்ளே இளக்கம். அதனால்தான் பாரமும் தாங்கும், வளைக்கவும் வளையும். வளைத்த இடத்தில் வெடிப்புக் கண்டால் அந்தக் கம்பி வேண்டாம். லேசான செந்துரு குற்றமில்லை. செதில் செதிலாக உதிர்ந்தால் குற்றம்.

தளம் போடும் நாள்

வீட்டின் ஜாதகம் எழுதப்படுவது கான்கிரீட்டு போடும் நாளில்தான். அன்று காலை, கலவை விழும் முன்னே, சென்ட்ரிங் பலகைமேல் ஏறிப் பாருங்கள். கம்பி பலகையில் படுத்துக் கிடக்கக் கூடாது. தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்று கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே கான்கிரீட்டுத் தோல் வேண்டும். அதற்குத்தான் 'கவர் பிளாக்'. உடைந்த ஓட்டையும் ஜல்லியையும் முட்டுக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அது நகர்ந்துவிடும். தூணின் ரிங்கு முனைகள் உள்பக்கம் நன்றாக மடங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கலவை லாரியில் வந்தால் சீட்டைக் கேளுங்கள். ஏற்றிய நேரம் அதில் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். போரூர் சிக்னலில் லாரி நின்றதற்கு உங்கள் தளம் அபராதம் கட்டக் கூடாது!

தண்ணீரில்தான் பெரிய ஆபத்து. தண்ணீர் அதிகம் ஊற்றினால் கலவை பாயசம் போல் ஓடும். வேலை சீக்கிரம் முடியும். காய்ந்த பிறகு அந்தத் தண்ணீர் இருந்த இடமெல்லாம் ஓட்டை. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்ற அளவைச் சுற்றி நிற்பதே நல்லது. அதற்கு மேல் ஒவ்வொரு குடமும் பலத்தைத் தின்னும்.

கலவையில் கொஞ்சம் எடுத்து அரை அடிக் கனசதுர அச்சில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். 28-ஆம் நாள் சோதனைச்சாலையில் நசுக்கிப் பார்ப்பார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சத் தரம் 'எம்-20'. அந்தச் சின்னக் கட்டி சுமார் 45 டன் பாரத்தைத் தாங்க வேண்டும்! முடிவு காகிதத்தில் வரும். அந்தக் காகிதத்தைப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வையுங்கள்.

பிறகு நீர் கட்டி வைப்பது. சாதாரணச் சிமெண்டுக்கு 7 நாள் கட்டாயம், பி.பி.சி.க்கு வெயில் காலத்தில் 14 நாள். முட்டுகளையும் அவசரப்பட்டுப் பிரிக்கக் கூடாது. 4.5 மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் முட்டு நிற்கட்டும்.

பழைய வீடு வாங்குவோருக்கு

பூந்தமல்லிக் கடைத்தெருப் பக்கம் பழைய வீடு வாங்குகிறீர்களா? முதலில் அண்ணாந்து பாருங்கள். மரச் சட்டங்களும், அவற்றின் இடையே நெருக்கமாகச் செருகிய சிறு செங்கற்களும் தெரிந்தால் அது 'மெட்ராஸ் டெரஸ்'. சுண்ணாம்புக் கலவையில் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திப் போட்ட கூரை. நூறு வருஷம் நின்றவை உண்டு. அதன் எதிரிகள் இருவர்: மழைக் கசிவு, கரையான். சட்டத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி வெண்ணெயில் போவது போல் போனால் விலையைப் பேசாதீர்கள்.

தொழிற்பேட்டைப் பக்கத்துப் பழைய ஷெட்டுகளில் நெளி நெளியான சாம்பல் நிறத் தகடு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் நுண்ணிய நார் மூச்சில் போனால் புற்றுநோய் வரும் என்பது உலகச் சுகாதார நிபுணர்கள் கண்ட உண்மை. அதை உடைக்காதீர்கள், துளை போடாதீர்கள், காய்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். எடுக்க வேண்டுமானால் நனைத்து, முழுசாக, தெரிந்தவர்களைக் கொண்டு எடுங்கள்.

மூன்று நாள் லீவு

இத்தனையும் படித்துவிட்டு, "நான் ஆபீசுக்குப் போக வேண்டாமா?" என்று கேட்பீர்கள். போங்கள். ஆனால் வீடு முடிவதற்குள் மூன்று நாள் லீவு போடுங்கள். கடைக்கால் தோண்டிக் கம்பி கட்டிய நாள் ஒன்று. ஏரியோரக் களிமண்ணா, கெட்டி நிலமா என்பதும் அன்று தெரிந்துவிடும். களிமண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அதற்கேற்ற அஸ்திவாரத்தை இஞ்சினீயரிடம் கேட்டுப் பெறுங்கள். சாமான்கள் வந்து இறங்கும் நாள் இரண்டு. தளம் போடும் நாள் மூன்று. கிரகப்பிரவேசத்துக்கு லீவு போடாமல் இருக்கப்போவதில்லை. அதற்கு முன் இந்த மூன்று நாளையும் போட்டுவிடுங்கள்.

ஏதாவது குறை கண்டு கேட்டால், "பூசினால் எல்லாம் சரியாகப் போய்விடும், சார்!" என்று ஒரு பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்டவுடன் எச்சரிக்கையாகிவிடுங்கள். பூச்சு குறையை மூடும், தீர்க்காது. கரணையைக் கையில் எடுப்பதற்கு முன்னால், "இஞ்சினீயர் வந்து பார்க்கட்டும், பிறகு பூசலாம்" என்று மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். நல்ல மேஸ்திரி அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் வேலையைப் பார்க்க ஒருவர் வந்தாரே என்று சந்தோஷப்படுவார்.